எந்தப் பக்கம்?

அந்தத் தலைமையாசிரியையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்து முடித்தபின் ‘நல்லதாக ஒன்றுமே இல்லையா அவரிடம்?’ என்று யாரும் கேட்க வேண்டாம். இருந்தது, வருகிற இடத்தில் சொல்கிறேன். பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டு அல்ல. பெயரைச் சொன்னால் அவருடைய ஊரையும் தெருவையும் சாதியையும் தேடிப் பிடித்து, ‘ஓ, அந்தப் பக்கமா? அப்ப அப்படித்தான் இருப்பாங்க’ என்று நீங்கள் முடித்துவிடுவீர்கள். அது அவர் செய்த வேலை. அவரைப் பற்றி எழுதும்போதாவது அதைச் செய்யாமல் இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

குமராட்சிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து மாறுதல் வாங்கி, கடலை ஒட்டிய அந்த ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குப் போனேன். சிதம்பரத்திலிருந்து ஒரு பஸ், அதிலிருந்து இறங்கி மினி பஸ். ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள். நாலும் ஐந்தும் அவருக்கு. ஒன்றும் இரண்டும் ஒரு சாருக்கு. மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லாமல் இருந்தது, அது எனக்கு. வேலையில் சேர்ந்த அன்று என் ஆர்டரை வாங்கி, பெயரையும் ஊரையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

“எந்தப் பக்கம்?”

“சிதம்பரம், மேடம்.”

“அதான் ஆர்டர்லயே இருக்கே. சிதம்பரத்துல எந்தப் பக்கம்?”

ஷாகிரா என்ற பெயரைப் படித்த பிறகும் இப்படிக் கேட்கிறவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது தெரியாத வயதில்லை எனக்கு. பள்ளிவாசலுக்குப் பின்னால் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப கணக்கு ஒனக்கு நல்லா வரும். ஒங்க ஆளுங்க யாவாரத்துல கெட்டி. எனக்குத் தெரியாதா?” என்றார். என் அத்தா கடலூரில் வைத்த ஜவுளிக்கடையை மூன்றே வருடத்தில் இழுத்து மூடியவர். எங்கள் வீட்டில் கணக்கு என்றாலே எல்லோருக்கும் தலைவலி வரும். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த பிறகு நாம் சொல்ல என்ன இருக்கிறது?

‘எனக்குத் தெரியாதா?’ என்பது அவருக்கு மூச்சு மாதிரி. கேள்வி போலத்தான் இருக்கும், ஆனால் யாரும் பதில் சொல்லிவிட முடியாது.

ஜூன் மாதம் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்களிடமும் முதல் கேள்வி அதேதான். பிள்ளையின் பெயர் அதற்குப் பிறகு. ஊரில் நாலு பக்கம் உண்டு. கடைத்தெரு என்றால் நாற்காலி காட்டுவார். பள்ளிவாசல் தெரு என்றால், “பாஸ்போர்ட் எடுக்கிற வயசு வரைக்கும் படிக்கும், அதுக்கப்புறம் சிங்கப்பூரு” என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். மீனவர் குப்பத்துப் பிள்ளை என்றால், “அஞ்சாவது வரைக்கும் சூப்பரா வரும், ஆறாவதுல போட்டுல ஏறிடும்” என்று அந்தத் தாயிடமே சொல்வார். அந்தத் தாயும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவைப்பாள். நாலாவது பக்கம் கழியோரம். உப்பங்கழிக் கரையில் இருக்கும் இருளர் வீடுகள். தண்ணீருக்குள் குனிந்து கையாலேயே இறால் பிடிக்கிறவர்கள். அவர்கள் வந்தால் அவர் எதுவும் சொல்வதில்லை. விண்ணப்பத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டு, பேனாவை மூடுவார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் நகம் பார்ப்பார். கடைத்தெருப் பிள்ளைகளின் கையைத் தன் கையில் ஏந்திப் பார்ப்பார். குப்பத்துப் பிள்ளைகளை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். கழியோரத்துப் பிள்ளைகளின் முகவாயை மட்டும் ஸ்கேலின் நுனியால் நிமிர்த்துவார். அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். ஸ்கேலை எடுத்து, நிமிர்த்தி, வைத்துவிடுவார். நான் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை இறங்கிவிட்டது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

சரி, நல்லது. ஒரு நாள்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. எங்கள் பள்ளிக் கழிவறைபோல் சுத்தமான கழிவறையை அந்த ஒன்றியத்தில் நான் பார்த்ததில்லை. பிள்ளைகளுக்குப் போடும் சாப்பாட்டை முதலில் தானே ஒரு கரண்டி வாங்கித் தின்பார். உப்புக் கூடினால் சமையல்காரம்மா அன்றைக்குத் தொலைந்தார். முட்டை ஒன்று குறைந்தாலும் விட மாட்டார். யாரிடமும் பத்துப் பைசா வாங்கியவர் இல்லை. ஒரு மழைக்காலத்தில் கழி ஏறி வந்து ஊர் தண்ணீரில் நின்றபோது, அதிகாரிகள் சொல்வதற்கு முன்பே பள்ளியைத் திறந்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கஞ்சி ஊற்றியவர் அவர்தான். கழியோரத்துக் குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல் என்று தன் ஸ்கூட்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

ஆனால் அந்தத் தண்ணீரிலும் வகுப்பறைக்கு ஒரு பக்கம் என்று பிரித்துத்தான் ஆட்களைப் படுக்க வைத்தார். முதல் அறை கடைத்தெருவுக்கு, கடைசி அறை கழியோரத்துக்கு. “அவங்கவங்களுக்கு அதான் சௌரியம். எனக்குத் தெரியாதா?” என்றார். ஊரையே கலக்கிய வெள்ளத்தால் அவரைக் கலக்க முடியவில்லை.

அவர் கணிப்பு தவறாமலும் இல்லை. கழியோரத்துப் பையன் ஒருவன் அந்தப் பள்ளியில் படித்து, பத்தாவது தேறி, கடலூரில் ஐ.டி.ஐ.யில் சேர்ந்திருந்தான். ஒரு நாள் இனிப்போடு வந்து அவர் காலைத் தொட்டான். அவரும் அன்பாகத்தான் பேசி அனுப்பினார். அவன் வாசலைத் தாண்டியதும் என்னிடம் குரலைத் தாழ்த்தி, “இவன் அம்மா வேற பக்கத்து ஆளா இருக்கும், விசாரிச்சுப் பாரு” என்றார். இனிப்பு அவர் வாயில் இருந்தது. எனக்கு அந்த வாயைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சிறு வகுப்புகளில் பிள்ளைகளை அவரவர் வாசிக்கும் அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாகப் பிரித்து உட்கார வைப்போம். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் அரும்பு. சரளமாகப் படிப்பவர்கள் மலர். சோதித்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும், பிறகு அடிக்கடி சோதித்து மாற்ற வேண்டும். என் வகுப்புக்கான பட்டியல் நான் சேர்வதற்கு முன்பே தயாராக இருந்தது. கடைத்தெரு முழுக்க மலர். கழியோரம் முழுக்க அரும்பு. ஒன்றாம் வகுப்பில் அரும்பாக உட்கார்ந்தவர்கள் மூன்றாம் வகுப்பிலும் அதே பாயில் அதே இடத்தில் அரும்பாகவே இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் அதற்குமேல் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்காததால் அவர்களுக்கு வரவில்லை. வராததால் அவர் சொன்னது சரியாகிவிட்டது.

அந்தப் பாயில்தான் சந்தியா இருந்தாள்.

எட்டு வயது. கழியோரத்துப் பிள்ளை. வகுப்பில் பேசவே மாட்டாள். ஆனால் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாள். ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, என் புடவையில் இருக்கும் பூ. ஒரு மதியம் சாக்பீஸ் டப்பா எடுத்துவர அவளைத் தலைமையாசிரியை அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்த அறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று எந்தப் பிரிவில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதியிருக்கும். யார் சேர்ந்தாலும், யார் நின்றாலும் அன்றைக்கே அழித்து மாற்றி எழுதுவது அவர் வழக்கம். பார்வைக்கு வரும் அதிகாரிகள் அந்தப் பலகையைத்தான் முதலில் பாராட்டுவார்கள்.

சந்தியா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“டீச்சர், எஸ்.டி.ல நாலுன்னு போட்டிருக்கு. நாங்க அஞ்சு பேரு.”

அரும்புப் பாயில் உட்கார்கிறவள். எழுத்துக்கூட்டத் தெரியாது என்று பட்டியல் சொல்கிறவள். “படிச்சுக் காட்டு” என்றேன். பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பக்கத்தில் ஒட்டியிருந்த மதிய உணவுப் பட்டியலையும் படித்தாள். அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த புகார் எண்ணையும் விடவில்லை. அவர்களில் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த ஐந்தாவது ஆள் அவளுடைய தம்பி. அவனைத்தான் பலகையில் காணோம்.

மேசையிலிருந்து நிமிர்ந்த தலைமையாசிரியைக்குத் தவறு புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார்.

“யாரு இதுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லல மேடம். அவளாத்தான் எண்ணிருக்கா. அஞ்சுன்னு மாத்திடலாமா?”

“தீபாவளிக்குள்ள ஒண்ணு நின்னுடும் ஷாகிரா. எதுக்கு அழிச்சு அழிச்சு எழுதிக்கிட்டு?”

அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறது. அதன் காதுபடச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டஸ்டரை எடுத்து அந்தப் பலகையையே அழித்துவிடலாம் என்று இருந்தது. நான் செய்தது என்ன தெரியுமா? சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆனால் சும்மா இருக்கவும் இல்லை. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது காய்ந்த துணியில் தண்ணீர் விடுவது போல இருந்தது. மூன்றாம் வகுப்புப் பாடம் முடிந்து நாலாம் வகுப்புக் கணக்கை எடுத்தோம். கேட்டு முடிப்பதற்குள் விடை சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்தது கேள் என்பதுபோல் பார்ப்பாள். அவளை மலரில் போடலாம் என்று இரண்டு தடவை கேட்டேன். “ஒன் ஆசைக்குப் போட்டு அப்புறம் அந்தப் புள்ள ஏமாந்து போறதுக்கா? நீ சின்னப் பொண்ணு, ஒனக்குத் தெரியாது” என்று இரண்டு தடவையும் அதே பதில்.

அந்த ஆண்டு வெளியிலிருந்து ஆள் வந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதிக்கும் தேர்வு எங்கள் பள்ளிக்கு விழுந்தது. நாங்கள் திருத்துவது அல்ல. வருகிறவரே தாள் கொடுத்து, அவரே வாங்கிக்கொண்டு போய்விடுவார். சந்தியா யார் என்று இந்தம்மாவின் கண்ணாடி வழியாகப் பார்க்காத ஒருவர் முதல்முறையாகப் பார்க்கப் போகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். தாளில் அவள் எழுதிவிட்டால் போதும், பிறகு அரும்பு என்று சொல்ல எந்த வாய்க்கும் தைரியம் வராது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் தலைமையாசிரியை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கழியோரத்துக்கும், குப்பத்தில் சில வீடுகளுக்கும் போய்வந்தார். அன்பாகத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். “நாளன்னிக்குப் புள்ளய அனுப்பாதீங்க. ஒடம்பு சரியில்லன்னு நான் எழுதிக்கறேன். வெளியாளு வராரு, பாவம் பயந்துடும்.” இது பல வருட வழக்கமாம். வராத பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது, ஆகவே சராசரியும் இறங்காது. எங்கள் பள்ளி எப்போதும் முன்னால் நின்ற ரகசியம் இதுதான்.

“சந்தியாவ மட்டும் வரச் சொல்லலாம் மேடம். அவ நல்லா எழுதுவா” என்றேன்.

“பரிச்சன்னு வந்தா பேந்தப் பேந்த முழிக்கும். எத்தினி வருஷமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?” என்றவர், போகிற போக்கில் சொல்வதுபோல், “ஒன் டிரான்ஸ்பர் அப்ளிகேஷன் எங்கிட்ட வந்திருக்கு. நாளைக்கு மறுநாள் அப்ரூவ் பண்ணிடறேன்” என்றார்.

சிதம்பரத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கு மாறுதல் கேட்டிருந்தேன். என் மாமியார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். தலைமையாசிரியை ஒப்புதல் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் நகராது. அவர் மிரட்டவில்லை. இன்றுவரை அவர் மிரட்டினார் என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் அவர் சாமர்த்தியம். நான் கழியோரத்துக்குப் போய் ‘அனுப்புங்கள்’ என்று சொல்லவில்லை. அது என் சாமர்த்தியம்.

தேர்வு நாள் காலையில் சந்தியாவின் அப்பா அவளைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். துவைத்த சீருடை, இழுத்துப் பின்னிய சடை, கையில் புதுப் பென்சில்.

“ஒடம்பு சரியில்லன்னு சொன்னீங்களாம்மா. நல்லாத்தான் கீறா. பரிச்ச எழுதியே ஆவணும்னு ராவெல்லாம் ஒரே அழுக. எழுதிட்டு வரட்டும்மா” என்றார்.

“அதுக்கென்னப்பா, நல்லா எழுதட்டும்” என்று சிரித்து அனுப்பினார் தலைமையாசிரியை. சைக்கிள் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார். “ஒண்ணாவது சாரு டிரெய்னிங் போயிட்டாரு. அந்தப் புள்ளைங்களப் பாத்துக்க ஆளில்ல. இத அங்க அனுப்பு. குட்டி டீச்சர்னு சொல்லு, சந்தோசமாப் போகும்.”

நான் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். “சந்தியா, இன்னிக்கு நீதான் ஒண்ணாவதுக்குக் குட்டி டீச்சர்.”

“பரிச்ச, டீச்சர்?”

“அது அப்புறம்.”

அவளுக்குச் சந்தோசம்தான். துள்ளிக்கொண்டு போனாள். நான் போனை எடுத்து வருகைப்பதிவு ஆப்பில் அவள் பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று விரலை வைத்தேன்.

தேர்வு நடத்த வந்தவர் பி.எட். படிக்கிற ஒரு தம்பி. நல்ல மாதிரி. தாளெல்லாம் வாங்கி உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு கிளம்பும்போது, ஒன்றாம் வகுப்பு வாசலில் நின்றுவிட்டார். உள்ளே சந்தியா நாற்காலிமேல் ஏறி நின்று பலகையில் எட்டாம் வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தாள். கீழே இருந்த சின்னதுகள் கத்திக்கொண்டிருந்தன.

“இந்தப் பொண்ணு எந்த வகுப்பு மேடம்?”

“நாலாவது” என்றார் தலைமையாசிரியை, கண் இமைக்காமல்.

“மூணாவது சார்” என்றாள் சந்தியா. எண்ணில் தப்பு இருந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

அந்தத் தம்பி உறையைப் பார்த்தார், வராதவர் பட்டியலைப் பார்த்தார். தலைமையாசிரியை சிரித்தார். “இதுக்கு ஒண்ணும் சரியாச் சொல்லத் தெரியாது தம்பி. அந்தப் பக்கத்துப் புள்ளைங்க அப்படித்தான். டீச்சரையே கேளுங்களேன்.”

அந்தத் தம்பி என் பக்கம் திரும்பினார். “மூணாவதா, நாலாவதா டீச்சர்?”

சந்தியா என்னைப் பார்த்தாள். கவலையே இல்லாத பார்வை. டீச்சர் சொல்லிவிடுவார் என்கிற பார்வை. உறை இன்னும் அவர் கையில் இருந்தது. ஒரு தாள் மிச்சம் இருந்திருக்கும். அரைமணி நேரம் போதும் அவளுக்கு.

“நாலாவது” என்றேன்.

அன்று சாயங்காலமே என் விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் என் வகுப்பில் சந்தியாவைக் காணோம். பக்கத்து அறையிலிருந்து தலைமையாசிரியையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு சந்தியா உட்கார்ந்திருந்தாள்.

“இங்க ஏம்மா வந்த?” என்றேன்.

“நீங்கதான டீச்சர் நாலாவதுன்னு சொன்னீங்க?” அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இல்லை. அவள் அதை நம்பியிருந்தாள்.

“பாத்தியா ஷாகிரா?” என்றார் தலைமையாசிரியை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். “எந்த வகுப்புன்னே தெரியல. இத வெச்சுக்கிட்டு நீ மலருங்கற. நான் சொன்னேனா இல்லையா?”

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கப் போவதில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வரிசையில் அவர் முதலிலும் இல்லை, அது எனக்குத் தெரியும்.

அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அரும்புப் பாயைச் சுருட்டிப் பீரோவுக்குப் பின்னால் சொருகினேன். யாரையும் கேட்கவில்லை. மாறுதல் ஆணை கைக்கு வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். பழையபடி மத்தியானம் உட்கார்ந்தோம். சுலபமாகத்தான் ஆரம்பித்தேன்.

“ஏழும் எட்டும் எவ்வளவு சந்தியா?”

அவள் பலகையைப் பார்க்கவில்லை. விரலைப் பார்க்கவில்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“எதச் சொல்லட்டும் டீச்சர்?” என்றாள்.